பதினான்கு அடிக்கு மேல்

மார்ச் 11, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போனில் சொன்னதும் தங்கைக்கு ஒரே சிரிப்பு. "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. எந்த ஆத்துல எவ்வளவு தண்ணி வரும்னு சொல்றவளுக்கு வீட்டுக் குழாய அடைக்கத் தெரியல!" அவளுக்கு வாய் நீளம். எனக்கு மூக்கின் மேல் கோபம். வாளியை அடியில் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

புது வேலை வந்திருக்கிறது. மலையடியில் ஓர் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டப் போகிறார்களாம். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்த ஓடையை யாரும் ஒரு நாள்கூட அளந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பே இதுதான். பக்கத்தில் அளந்து வைத்திருக்கிற ஆறு ஒன்றை எடுத்துக்கொள்வேன். பரப்பு, சரிவு, மண், மழை எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அங்கே அவ்வளவு என்றால் இங்கே இவ்வளவு என்பேன். பிள்ளையைப் பார்க்காமல், பெரியப்பாவை அளந்து பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி.

ஆனாலும் வரைபடத்தை விரித்து, மேடுகளின் உச்சிகளை இணைத்துக் கோடு இழுக்கும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செரிகிறது. அந்தக் கோட்டுக்குள் விழுகிற ஒவ்வொரு துளியும், எந்த இலையில் விழுந்தாலும் எந்தத் தகரக் கூரையில் விழுந்தாலும், ஒரே வாய்க்குத்தான் வந்து சேரும். யாரும் அதற்கு வழி சொல்லித் தரவில்லை. ஐம்பது வயது நெருங்குகிறது, இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

பக்கத்து ஆறாக எடுத்திருப்பது எனக்கு மனப்பாடமான ஆறு. ஆறு வருடத்துக்கு முன் தங்கையின் காலனிக்குப் பக்கத்து ஓடைக்கும் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். வெள்ளம் இதுவரைதான் வரும் என்று நான் போட்ட கோட்டுக்கு வெளியேதான் அந்தக் காலனியைக் கட்டினார்கள்.

முப்பத்தொரு வருடப் பதிவு. வருடத்தின் மிகப் பெரிய வெள்ளத்துக்கு ஒரு புள்ளி. இன்றைக்குப் புதிதாகக் குறித்துப் பார்த்தேன். உச்சியில் மூன்று புள்ளிகள், ஒரே வரிசையில்.

14.0. 14.0. 14.0.

ஓர் ஆறு மூன்று தடவை ஒரே உயரத்துக்கு வந்து, சொல்லி வைத்த மாதிரி நிற்குமா?

பழைய அறிக்கையை எடுத்தேன். என் கையெழுத்து. "மூன்று பெரிய வெள்ளங்களும் பதினான்கு அடியிலேயே நிற்பதால் இதை நம்பகமான உச்சவரம்பாகக் கொள்ளலாம்." அந்த வரியை எழுதிவிட்டு அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

பிறகு, ஆற்றில் அடிக்கணக்கு எழுதிய அளவுப் பலகை நட்டபோது எழுதிய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். பலகையின் நீளம்: பதினான்கு அடி.

ஆறு பதினான்கில் நிற்கவில்லை. பலகைதான் நின்றிருக்கிறது.

மார்ச் 15, சனி

பஸ் பிடித்து அந்த ஆற்றுக்கே போனேன். மூன்று மணி நேரம். தினமும் பலகையைப் பார்த்து அளவு எழுதி அனுப்பியவர் இறந்துவிட்டாராம். அவர் மனைவி இருந்தார், அறுபது வயதிருக்கும். துணி உலர்த்திக்கொண்டே பேசினார்.

"வேலை அவரு பேர்ல. தினம் போய்ப் பார்த்து எழுதினது நானு. அவருக்கு ஏது நேரம், சீட்டாடவே சரியா இருந்துச்சு."

மூன்று பதினான்குகளைப் பற்றிக் கேட்டேன்.

"பலகை பதினாலோட முடிஞ்சிருச்சும்மா. அதுக்கு மேல என்னத்த எழுத? எழுதாம விட்டா ஏன் எழுதலன்னு ஆபீஸ்லருந்து கடுதாசி வரும். இருக்கறதுல பெருச எழுதி அனுப்பினேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. எனக்குச் சாணும் முழமும்தானே எல்லாம்? ஆனால் அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது. அவர் வெயிலிலும் மழையிலும் போய்ப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதை உச்சவரம்பு என்றேன்.

"நெசமா எங்க வரைக்கும் வந்துச்சு?" என்றேன். துணியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். கரையில் ஒரு பழைய பம்ப் கொட்டகை. ஜன்னலின் மேல் கட்டையைத் தொட்டுக் காட்டினார். "கடைசியா வந்தப்போ இதுவரைக்கும். நான் அந்தோ அந்தப் பாறை மேல ஆட்டுக்குட்டியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் கும்பிடாத சாமி இல்ல."

உள்ளே சுவரில் செம்மண் கோடு இன்னும் இருக்கிறது. மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பலகையோடு ஒப்பிட்டேன். பத்தொன்பது அடி நான்கு அங்குலம்.

ஆற்றின் நடுவே லாரியின் முன்பாகம் அளவுக்கு ஒரு பாறை கிடந்தது. "இது இங்க இல்ல, அந்த வெள்ளம் கொண்டாந்து போட்டது" என்றார். அதன் மேல் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. கீழே தண்ணீர் கணுக்கால் அளவு, மணலில் சலசலவென்று, குழந்தை மாதிரி. இதுவா இதை உருட்டியது? என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். அந்த அம்மா டீ போட்டுத் தந்தார்.

மார்ச் 17, திங்கள்

நான்கு தடவை கணக்குப் போட்டேன். அந்த ஆற்றில் பன்னிரண்டாயிரம் கன அடி என்று நம்பியிருந்தது இருபத்திரண்டாயிரம். தங்கையின் ஓடைக்கு ஆறாயிரம் என்று கொடுத்தேன். உண்மையில் ஒன்பதாயிரத்து எழுநூறு.

கோட்டைத் திருத்திப் போட்டால் காலனியின் முதல் இரண்டு வரிசையும் உள்ளே வருகிறது. முப்பத்தெட்டு வீடு. இடுப்பளவு தண்ணீர்.

தங்கை வீடு முதல் வரிசை, ஏழாம் எண்.

மார்ச் 18, செவ்வாய்

மேலதிகாரிக்கு ஆபீசில் "சுருக்கம்" என்று பட்டப்பெயர். எதைச் சொல்லப் போனாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார்.

"சார், என் கோடு தப்பு."

இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் அவரிடம் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "ஆறு வருஷமா அங்க ஒரு சொட்டு ஏறல. இப்ப ஏன் கிளறணும்? புதுப் பாலத்துக்குச் சரியான எண்ணப் போடுங்க. பழசு பழசாவே இருக்கட்டும்."

"முப்பத்தெட்டு வீடு சார்."

"உங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு மேடம்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும்தான் பயந்துபோயிருக்கிறேன், அதனால் அவரைப் பார்த்தால் கண்ணாடி பார்க்கிற மாதிரி எரிச்சலாக வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். முப்பத்தெட்டு வீட்டை எதில் மறைப்பது? திருத்திய அறிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் வீட்டு வாசல் படியில் வைத்து. உள்ளே அவள் மகள் வாண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வீடு பார்க்கும்போது நாலு இடம் பார்த்தோம். இது ஓடைப் பக்கம்னு அவரு வேணாம்னாரு. நான் உன்னக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"என்ன சொன்ன?"

"என் கோட்டுக்கு வெளியில இருக்கு, கண்ண மூடிட்டு வாங்குன்னு சொன்னேன்."

"மூடிட்டுத்தான்க்கா வாங்கினேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் கூப்பிடவும் இல்லை. நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடை நூறு அடி தள்ளி ஒரு நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாவி, இருபத்திரண்டு வருஷம் கணக்குப் போட்டு என்னடி கிழிச்ச நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலனி மண்டபத்தில் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். ஆபீசில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சங்கச் செயலாளர், நல்ல குரல்வளம், எழுந்து நின்றார். "அந்தக் கோடு போட்டது யாரு மேடம்?" "நான்தான்." "இந்தக் கோடு போட்டது?" "அதுவும் நான்தான்." "அப்ப அடுத்த வருஷம் இன்னொரு கோடு போடுவீங்களா?"

சிரித்தார்கள். மழைக்காலத்தில் கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கை கடைசி வரிசையில் இருந்தாள். சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

மெமோ வந்தது. பதிவறைக்கு மாற்றம். ஜன்னல் கிடையாது, மின்விசிறி உண்டு.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்று வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

"பேசறதுக்குப் பண்ணல. ஒண்ணு கேக்கணும். தண்ணி கீழ வர்றதுக்கு முன்னாடி, மேலயே எங்கயாவது பார்க்க முடியுமா?"

"முடியும். உங்க அட்டைப்பெட்டிக் கம்பெனிகிட்ட நடைப்பாலம் இருக்குல்ல, அங்க தண்ணி ஏறினா உங்க வீட்டுக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். ஆனா அங்க ஆள் போட மாட்டாங்க."

"ஆளெல்லாம் வேணாம். உன் கணக்க இனிமே நம்பறதா இல்ல. நானே பார்த்துக்கறேன். எங்க பார்க்கணும்னு மட்டும் காட்டு."

வைத்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என்னை நம்பாமல் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்கிறாள். எங்கள் இலாகாவில் ஒருத்தருக்கும் தோன்றாத யோசனை!

ஏப்ரல் 20, ஞாயிறு

நடைப்பாலத்துக்குப் பக்கத்தில் செங்குத்தான ஒரு பாறை. அதில் வெள்ளை எனாமல் பூசி, கறுப்பில் அடிக்கணக்கு எழுதினோம். கம்பெனியில் வாங்கிய ஏணி பத்து அடி வரைதான் எட்டியது. பத்து போதும் என்றேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு அடி வந்தா முதல் ரெண்டு வரிசையக் காலி பண்ணணும்" என்றேன். "ம்" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

தினமும் காலை வேலைக்குப் போகும்போது ஒரு செய்தி அனுப்புகிறாள். வணக்கம் கிடையாது, அக்கா கிடையாது. இன்றைக்கு: "0.4".

எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

"2.1. கலங்கல். இலை நிறைய வருது. மேல எங்கயோ மழை. வாண்டுக்குப் பல் விழுந்துச்சு."

நான்கு மாதத்தில் எண்ணோடு சேர்ந்து வந்த முதல் வீட்டுச் செய்தி. பதிவறையில் தனியாக உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் அனுப்பிய நூற்று இருபத்துச் சொச்சம் எண்களையும் வரிசையாகக் குறித்தேன். ஓடை மூச்சு விடுவது தெரிகிறது. மழை பெய்தால் விறுவிறுவென்று ஏறி, இறங்கும்போது ஆற அமர இறங்குகிறது. யாருமே அளக்காத ஓடை! தன் குணத்தை ஒவ்வொரு எண்ணாக என் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் இத்தனை வருடம் பெரியப்பாவையே அளந்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றிலிருந்து விடாத மழை. காலை 10.20க்குச் செய்தி: "5". உடனே போன் செய்தேன். "அக்கா, பார்க்கப் பார்க்க ஏறுது. பாலத்துப் பலகையெல்லாம் ஆடுது." "பாறை மேட்டுப் பக்கம் போ. பாலத்துல நிக்காதடி!" 10.30க்கு அவளே கூப்பிட்டாள். "ஆறு தாண்டிருச்சு. செயலாளர்கிட்டச் சொல்லிட்டேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். காலனிக்குள் போகும்போதே செயலாளரின் குரல். எந்தக் குரலில் என்னைக் கேள்வி கேட்டாரோ, அதே குரலில், கையில் மைக்கைப் பிடித்து, "முதல் வரிசை, ரெண்டாவது வரிசை, போட்டது போட்டபடி கிளம்புங்க! தண்ணித் தொட்டி மேட்டுக்கு!" வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நடக்க முடியாத ஒருவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். வாண்டு பள்ளிக்கூடத்தில், அது மேட்டில் இருக்கிறது. 11.10க்கு முப்பத்தெட்டு வீட்டிலும் ஆளில்லை.

11.20க்குத் தங்கை மேல் சாலை வழியாக மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். தொப்பலாக நனைந்து, தினமும் அளவு எழுதி வைக்கும் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். "பாலம் போயிருச்சுக்கா" என்றாள். அக்கா என்றாள்.

பிறகு அது வந்தது.

முதலில் சத்தம் இல்லை, அதிர்வு. செருப்பைத் தாண்டி உள்ளங்காலில். அடியில் பாறைகள் உருள்கின்றன என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன், பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! மலை முழுக்க நடந்து வருகிற மாதிரி இருந்தது. ஓடையின் நடுப்பகுதி கரையைவிட உயரமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. பழுப்பு நிறம். வேரோடு மரங்கள். முதல் வரிசை வீடுகளின் ஜன்னல்கள் ஒன்றொன்றாக மறைந்தன. எனக்குப் பயமே வரவில்லை, அதை எப்படிச் சொல்ல. இருபத்திரண்டு வருடமாக எண்ணாகவே பார்த்த ஒன்று முதன்முறையாக என் முன்னால் வந்து நிற்கிறது. எவ்வளவு பெருசு! நான் எவ்வளவு சின்னவள்! கண்ணில் நீர் வழிந்தது, மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு மரக்கதவு மிதந்து வந்தது. கரையோரம் இரண்டு மின்கம்பங்கள், இடையே நூற்று முப்பது அடி. கதவு அதைக் கடக்கிற நேரம் தெரிந்தால் தண்ணீரின் வேகம் தெரியும். என் வாய் தானாக எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று...

"என் வீடு போகுது, நீ ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டு நிக்கிற!" தங்கை என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இத யாரும் அளந்ததே இல்லடி" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். "அடுத்து ஒரு டிரம் வருது. சொல்லு, எப்ப ஆரம்பிக்க?"

டிரம்முக்கு ஒன்பது வினாடி. ஒரு மரத்துக்கு ஒன்பது. ஒரு கட்டிலுக்கு எட்டரை. எட்டு தடவை பார்த்தோம். ஆறாவது தடவை ஏழாம் எண் வீட்டின் பின்சுவர் விழுந்தது. அவள் வாட்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 23, வியாழன்

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தருக்கும்!

பதினோரு வீடு இடிந்திருக்கிறது. தங்கையும் வாண்டும் என்னோடு இருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார். அவள் வந்ததும் முதல் வேலையாகக் குழாயைக் கழற்றி, நூல் சுற்றி, இறுக்கிவிட்டாள். ஒழுகவில்லை.

நவம்பர் 3, திங்கள்

சேற்றுக் கோடுகளை அளந்து, வேகத்தைப் பெருக்கிப் பார்த்தாயிற்று. பதினோராயிரத்து நானூறு கன அடி, ஆயிரம் முன்பின் இருக்கலாம். நான் திருத்திக் கொடுத்ததையும் தாண்டிவிட்டது. மூன்றாவது கோடு போட வேண்டும். செயலாளர் கேட்டது சரிதான். போய் அவரிடமே சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "போடுங்க மேடம், நாங்க தள்ளிப் போய்க் கட்டிக்கறோம்" என்றார். இரண்டு வரிசைக்கும் மேட்டில் மாற்று இடம் தருவதாக அரசிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

தங்கையின் நோட்டை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அந்த ஓடைக்கு இலாகாவில் முதல் கணக்கு இதுதான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எண்ணாக ஏற்றினேன். கடைசிப் பக்கம், அக்டோபர் 21:

10.20 – 5
10.30 – 6.2
10.40 – 7.5
10.50 – 9
11.00 – கோடு முடிஞ்சிருச்சு. தண்ணி முடியல. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டத்தில் எண்தான் போட வேண்டும், எழுத்தை ஏற்கமாட்டேன் என்றது கம்ப்யூட்டர். மேலதிகாரி சுருக்கம், பதிவறைக்கு எதற்கோ வந்தவர், எட்டிப் பார்த்தார். "சுருக்கமா பத்துன்னு போட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நோட்டை வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"வேணாம். கட்டத்தக் காலியா விடுங்க. குறிப்புல அவங்க எழுதினத அப்படியே எழுதுங்க." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கீழ என் பேரையும் போட்டுக்கங்க."

நவம்பர் 30, ஞாயிறு

பாறைக்குப் போனோம். எனாமல் பாதி உரிந்துபோயிருக்கிறது. புதுப் பெயிண்ட், பெரிய ஏணி. கீழிருந்து ஆரம்பித்து மதியம் பதினாறாவது அடிக்கு வந்தேன். சேற்றுக் கோடு பதினான்கரையில் இருக்கிறது, அதைத் தாண்டியாயிற்று. ஏணியின் கடைசிப் படி.

"போதும்டி, இறங்கறேன்" என்றேன்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அண்ணாந்து பார்த்தாள். "ஏன் போதும்?"

"ஏணி முடிஞ்சிருச்சு."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஓடை கணுக்கால் அளவில் சலசலத்துக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்தோம். அவள் நோட்டை எடுத்து இன்றைய தேதியைப் போட்டு "0.6" என்று எழுதினாள். அடுத்த ஞாயிறு கயிறு கொண்டுவர வேண்டும், பாறையின் மேலிருந்து இறங்கி மிச்சத்தை எழுதலாம்.

கயிற்றை அவள் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.